கலையின் நாற்றங்கால்

நெல் விளைந்து நிற்கும் கழனியைக் காண்போர் அதன் பரப்பையும் பொலிவையும் கண்டு மகிழ்வர். ஆனால் அக்கழனியின் ஒரு மூலையில் சிறு பாத்தியாக அமைந்திருந்த நாற்றங்காலை அவர்கள் நினைப்பதில்லை. உழவன் அதனை மறவான். விதை முளைப்பதும், வேர் பிடிப்பதும், நாற்றாகித் தலை நிமிர்வதும் அச்சிறு நிலத்திலேதான் நிகழ்கின்றன. நாற்றங்கால் காய்ந்துபோனால் அவ்வாண்டு கழனியும் வெறுமையாகும். கலைக்கும் இத்தகைய நாற்றங்கால் ஒன்று உண்டு. அதுவே சிற்றரங்கு.

சிற்றரங்கு என்பது யாது? ஐம்பது பேரோ, நூறு பேரோ, மிகுந்தால் இருநூறு பேரோ ஒருங்கே அமர்ந்து, கலைஞரின் முகத்தைக் கண்ணெதிரே கண்டு, அவர்தம் குரலை ஒலிபெருக்கியின் துணையின்றிக் கேட்டு மகிழும் இடமே சிற்றரங்கு. அது மாடமாளிகையாக இருத்தல் வேண்டும் என்பதில்லை. கோயில் மண்டபம், பள்ளிக் கூடம், நூலகத்தின் ஓர் அறை, வீட்டு முற்றம், தெருக்கள் கூடும் சந்தி ஆகிய எதுவும் சிற்றரங்காகலாம். அங்கே பாட்டு நிகழலாம், கூத்து நிகழலாம், நாடகமும் கதைப்பாட்டும் நிகழலாம். ஊரார் நடந்தே வந்து கண்டு திரும்பும் தொலைவில் அஃது அமைந்திருப்பதே அதன் தனிச் சிறப்பாகும்.

இக்காலத்தில் கலையைக் காணவும் கேட்கவும் வழிகள் பலவாகப் பெருகியுள்ளன. வானொலி இசையை வீட்டுக்குள் கொணர்ந்தது. தொலைக்காட்சி நடனத்தைக் கொணர்ந்தது. கைப்பேசியோ உலகின் கலைகள் அனைத்தையும் உள்ளங்கையில் கொண்டுவந்து வைத்துவிட்டது. இவற்றால் விளைந்த பயனை மறுப்பார் இலர். எட்டாத ஊரில் வாழும் சிறுவனும் இன்று பெரும் பாடகரின் பாட்டைக் கேட்க முடிகிறது. ஆயினும் இக்கருவிகளில் ஒரு குறை உண்டு. கேட்போர் பாடகரைக் காண்கின்றனர். பாடகர் கேட்போரைக் காண்பதில்லை. கேட்போர் தலையசைத்தாலும், கண் கலங்கினாலும், சலித்து எழுந்து சென்றாலும் அவருக்குத் தெரிவதில்லை. கலை என்பது தருவோரும் பெறுவோரும் எதிரெதிரே இருந்து நிகழ்த்தும் உரையாடல் போன்றது. ஒருவர் மட்டுமே பேசுவது உரையாடல் ஆகுமோ?

பண்டைக் காலத்துச் சான்றோர் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில், மாதவி ஆடிய அரங்கின் அளவை இளங்கோவடிகள் கூறியுள்ளார். இருபத்துநான்கு விரல் நீளமுள்ள ஒரு கோலால் அளந்து, ஏழு கோல் அகலமும், எட்டுக் கோல் நீளமும், ஒரு கோல் உயரமும் உடையதாக அவ்வரங்கை அமைத்தனர். ஒரு விரலை ஓர் அங்குலமாகக் கொண்டால், அதன் அகலம் 14 அடி. நீளம் 16 அடி. உயரம் 2 அடி. வேந்தன் வீற்றிருந்து கண்ட அரங்கின் அளவே இவ்வளவுதான்! தூண்களின் நிழல் ஆடுவோர் மீது விழாதவாறு விளக்குகளை நிறுத்தினர் என்றும் அக்காதை கூறுகிறது. ஆடுவோரின் முகமும் கையும் அனைவருக்கும் விளங்கித் தோன்றுதல் வேண்டும் என்பதே அவர்கள் கருத்து.

வடமொழியில் அமைந்த நாட்டிய சாத்திரமும் இக்கருத்தையே கூறுகின்றது. ஆடரங்குகளைப் பெரியது, நடுத்தரமானது, சிறியது என மூன்றாக அந்நூல் பகுக்கிறது. மக்களுக்கு ஏற்றது 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்ட நடுத்தர அரங்கே என்பது அதன் முடிவு. முழம் ஒன்றை ஒன்றரை அடியாகக் கொண்டால், இது 96 அடிக்கு 48 அடியாகும். அதிலும் ஒரு பாதி ஆடுவோர்க்கு உரியது. மறு பாதியே காண்போர்க்கு உரியது. எனவே, கடைசி வரிசையில் அமர்ந்தவரும் மேடையிலிருந்து 48 அடிக்கு அப்பால் இருக்கமாட்டார். அரங்கம் இதனினும் பெரிதானால் குரல் தெளிவாகக் கேளாது. முகத்தில் தோன்றும் மெய்ப்பாடும் விளங்காது என்று அந்நூல் காரணமும் காட்டுகிறது.

இக்காரணம் அறிவியலுக்கும் ஒத்ததே. வெட்டவெளியில் ஒலி செல்லுந்தொறும் அதன் செறிவு குறைகின்றது. தொலைவு இருமடங்கானால் செறிவு நான்கில் ஒரு பங்காகும். நான்கு மடங்கானால் பதினாறில் ஒரு பங்காகும். சிறிய கூடத்திலோ சுவர்களும் கூரையும் குரலுக்குத் துணை நிற்கின்றன. பாடகரின் வாயிலிருந்து நேரே வரும் ஒலி முதலில் செவியை அடைகிறது. சுவரில் பட்டு மீளும் ஒலி சற்றுப் பின்னர் வருகிறது. ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் அது வந்துவிட்டால், செவி அதனைத் தனி ஒலியாகக் கொள்ளாது. முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்ளும். அதனால் சொல் வலிமை பெறுகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. ஆகவே, மீண்டு வரும் ஒலி, நேரே வரும் ஒலியினும் 17 மீட்டருக்கு மேல் மிகுதியாகச் சுற்றி வாராதிருத்தல் வேண்டும். சிறிய கூடத்தில் இஃது இயல்பாகவே அமைகிறது. பெரிய மண்டபத்திலோ ஒலி காலந்தாழ்ந்து மீள்கிறது; ஒரு சொல்லின் முழக்கம் அடுத்த சொல்லின் மேல் விழுகிறது; பொருள் குழம்புகிறது. அதனை நீக்க ஒலிபெருக்கி வேண்டியதாகிறது. ஒலிபெருக்கி வந்தபின், மெல்லப் பாடுவதற்கும் உரக்கப் பாடுவதற்கும் உள்ள நுண்ணிய வேறுபாடு மறையத் தொடங்குகிறது.

செவிக்கு உரைத்த இதுவே கண்ணுக்கும் பொருந்தும். கேரளத்துக் கோயில்களில் நிகழும் கூடியாட்டம் இதற்குத் தக்க சான்றாகும். வடமொழி நாடகங்களை நடித்துக் காட்டும் அப்பழங்கலை, கூத்தம்பலம் என்னும் சிறிய மண்டபத்தில் நிகழ்வது. மேடையின் முன்னே பெரிய எண்ணெய் விளக்கு எரியும். மிழாவு என்னும் முழவு முழங்கும். நடிகர் சொல்லால் மட்டுமன்றிக் கண்ணாலும் புருவத்தாலும் கதை சொல்வார். நாடகத்தின் ஓர் அங்கத்தை நடித்துக் காட்டவே பல இரவுகள் ஆவதுண்டு. விழியின் அசைவையே மொழியாகக் கொண்ட இக்கலை, ஆயிரக்கணக்கானோர் கூடும் திடலில் என்னாகும்? பின்வரிசையில் இருப்போர்க்கு விளக்கின் ஒளி மட்டுமே தெரியும். 2001ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் மனித குலத்தின் அரிய வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாகக் கூடியாட்டத்தை அறிவித்துச் சிறப்பித்தது. உலகம் போற்றும் அக்கலையை நெடுங்காலம் காத்தவற்றுள் கோயில் வளாகத்துச் சிறு மண்டபமும் ஒன்று என்பதை மறத்தலாகாது.

சிற்றரங்கு கலையைக் காட்டுவதோடு அமைவதில்லை. கலைஞரை உருவாக்கவும் செய்கிறது. தமிழ்நாட்டின் வடபகுதி ஊர்களில் நிகழும் தெருக்கூத்தில் இதனைக் காணலாம். திரௌபதி அம்மன் விழாக்காலத்தில் இரவு தொடங்கி விடியும் வரை பாரதக் கூத்து நடைபெறும். தெருவோ திடலோதான் ஆடுகளம். ஊரார் தரையில் சூழ்ந்து அமர்வர். இருவர் பிடித்து நிற்கும் திரைக்குப் பின்னிருந்து வேடதாரி பாடிக்கொண்டே வெளிப்படுவார். கட்டியங்காரன் அவரை வினவுவான். ஊராரையும் பார்த்துப் பேசுவான். அன்றைய ஊர்ச் செய்தியையும் நகையாடுவான். முன்வரிசையில் இருக்கும் குழந்தை கண்ணயர்வதும், பின்வரிசையில் இருக்கும் பாட்டி கண்ணீர் துடைப்பதும் கூத்தரின் பார்வைக்குத் தப்புவதில்லை. எங்கே பாட்டை நீட்டுவது, எங்கே அடவை விரைவுபடுத்துவது என்பதை அவர் அவையோரின் முகங்களிலிருந்தே கற்றுக்கொள்கிறார். இளங்கூத்தன் ஒருவன் சிறு வேடங்களில் தொடங்கி, ஆண்டுதோறும் இவ்வாறு பயின்று, பின்னர்த் துரியோதனனாகவும் கர்ணனாகவும் உயர்கிறான்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள புரிசை என்னும் சிற்றூர் இவ்வகையில் புகழ்பெற்றது. அவ்வூரைச் சேர்ந்த கண்ணப்பத் தம்பிரான் வழிவழியாக வந்த கூத்துக் குடும்பத்தில் தோன்றியவர். எழுத்தாளர் ந. முத்துசாமி 1977ஆம் ஆண்டில் சென்னையில் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது, நகரத்து நடிகர்க்கு உடலும் குரலும் ஒருங்கே பயிலும் முறையைக் கற்பிக்கத் தம்பிரானின் கலை துணைநின்றது. சிற்றூரின் தெருவில் வளர்ந்த நாற்று, பெருநகரில் நடப்பட்டுப் புதுப்பயிராக விளைந்தது.

இந்நிலை தமிழகத்துக்கோ பழங்கலைக்கோ மட்டும் உரியதன்று. இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் நகரில் கேவர்ன் என்னும் அரங்கு 1957ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அது பழைய கிடங்கு ஒன்றின் தரைக்கீழ் அறையே. செங்கல் வளைவுகள் தாழ்ந்திருந்த அவ்வறையில் கூட்டம் நிறைந்தால் சுவர்களில் நீர் வழியும். நண்பகல் உணவு வேளையில் அலுவலகங்களில் பணிபுரிந்த இளைஞர் அங்குச் சென்று இசை கேட்டுத் திரும்புவர். அங்கே 1961 முதல் 1963 வரை ஏறத்தாழ 300 முறை பாடிய இளைஞர் குழுவே பின்னர் உலகெங்கும் புகழ்பெற்ற பீட்டில்ஸ். அவ்வாண்டுகளில் கேட்போரின் முகங்களைக் கண்டு பாடிப் பாடியே அவர்கள் தேர்ச்சி பெற்றனர். இவர்களைத் தவிரப் பல குழுவினரும் அவ்வறையில் பாடினர்; அவர்கள் அனைவரும் புகழ் பெற்றுவிடவில்லை. நாற்றங்காலில் விதைத்த எல்லா விதையும் கதிராவதில்லை. ஆயினும் விதைப்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

அவ்வரங்குக்குப் பின்னர் நேர்ந்தது என்ன? தரைக்கீழ்ச் செல்லும் இருப்புப்பாதைக்குக் காற்றுப்போக்கி ஒன்று அமைக்க அந்த இடம் வேண்டும் என்று கருதப்பட்டது. 1973ஆம் ஆண்டில் கேவர்ன் மூடப்பட்டது. அதன் மேலிருந்த கட்டடம் இடிக்கப்பட்டது. ஆனால் எதற்காக இடித்தார்களோ அந்தக் காற்றுப்போக்கி அங்குக் கட்டப்படவேயில்லை. 1984ஆம் ஆண்டில் பழைய செங்கற்கள் பலவற்றைக் கொண்டு அவ்வரங்கை மீண்டும் எழுப்பினர். செங்கல்லைத் திரும்பக் கொணரலாம். இடையில் கழிந்த பதினோராண்டுகளைத் திரும்பக் கொணர இயலுமோ?

சிற்றரங்குகள் மறைவதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் முதன்மையானது வருவாய்க் குறைவு. நூறு பேர் அமரும் அரங்கில் ஒருவருக்கு நூறு ரூபாய் நுழைவுக் கட்டணம் என்று கொள்வோர், இருக்கைகள் அனைத்தும் நிறைந்தாலும் பத்தாயிரம் ரூபாயே பெறுவர். அதிலிருந்து வாடகை, விளக்கு, கலைஞரின் வழிச்செலவு ஆகியன போக, கலைஞரின் கையில் எஞ்சுவது சிறிதே. பாதி இருக்கை வெறுமையானால் அதுவும் இல்லை. இரண்டாவது காரணம் நிலத்தின் விலையேற்றம். நகரம் வளர வளர, அரங்கு நின்ற மனையில் கடைகள் எழுகின்றன. மூன்றாவது காரணம், ஒலி பற்றி எழும் பூசல். நெடுங்காலமாக நடைபெற்று வரும் அரங்கின் அருகே புதிய வீடுகள் தோன்றுகின்றன, அவற்றில் குடியேறியோர் இசையின் ஒலியைப் பொறாது முறையிடுகின்றனர், அரங்கு மூடப்படுகிறது. யாவற்றினும் பெரிய காரணம், மக்கள் வீட்டை விட்டு வெளிவாராமையே.

இவற்றுள் ஒலி பற்றிய பூசலுக்குச் சில நாடுகள் நேரிய தீர்வு கண்டுள்ளன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014ஆம் ஆண்டிலும், இங்கிலாந்து 2018ஆம் ஆண்டிலும் கட்டட விதிகளில் ஒரு நெறியைச் சேர்த்தன. முன்னரே இருக்கும் அரங்கின் அருகே புதிதாக வீடு கட்டுவோர், ஒலி உட்புகாதவாறு தடுக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றல் வேண்டும் என்பதே அந்நெறி. மாற்றத்தைக் கொணர்பவரே அதன் செலவையும் ஏற்பது முறை என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது. அரங்கினர்க்கும் கடமை உண்டு. இந்தியாவில் 2000ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஒலி மாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி இயக்குவதைத் தடுக்கின்றன. ஒலிபெருக்கியே வேண்டாத சிற்றரங்கு அயலாரின் உறக்கத்துக்கு ஊறு செய்வதும் குறைவு.

அரசின் விதி அரங்கைக் காக்கலாம். அதனுள் உயிர் பெய்வோர் ஊராரே. கருநாடக மாநிலத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் ஹெக்கோடு என்னும் சிற்றூர் உள்ளது. பாக்குத் தோட்டங்கள் சூழ்ந்த அவ்வூரில் 1949ஆம் ஆண்டில் நாடக அன்பர் சிலர் கூடி நீநாசம் என்னும் மன்றத்தைத் தொடங்கினர். கே. வி. சுப்பண்ணா என்னும் அறிஞர் அதனை வளர்த்தார். ஊராரே நடித்தனர், ஊராரே கண்டனர். 1980ஆம் ஆண்டில் அங்கு நாடகப் பள்ளி ஒன்று தோன்றியது. 1985ஆம் ஆண்டு முதல் 'திருகாட்ட' என்னும் குழு கருநாடகத்தின் ஊர்தோறும் சென்று நாடகம் நடிக்கலாயிற்று. 1991ஆம் ஆண்டில் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கிடைத்தது. பெருநகரில்தான் கலை வளரும் என்னும் எண்ணம் பிழையானது என்பதற்கு ஹெக்கோடு சான்றாக நிற்கிறது.

ஊரில் அரங்கு இல்லையே என்று வருந்துவோர் மும்பையின் தாதர் பகுதியில் நிகழ்ந்ததை அறிதல் நன்று. அங்குள்ள சபீல்தாஸ் பள்ளியின் கூடத்தில் 1974ஆம் ஆண்டு முதல் பல ஆண்டுகள் 'ஆவிஷ்கார்' என்னும் குழுவினர் மராத்தி நாடகங்களை நிகழ்த்தினர். பிற குழுவினரும் அங்கு வந்து நடித்தனர். பேரரங்குகள் ஏற்கத் தயங்கிய புதிய நாடகங்கள் அக்கூடத்தில் இடம் பெற்றன. அந்நாடக இயக்கத்துக்கே அப்பள்ளியின் பெயர் நிலைத்துவிட்டது. வகுப்புகள் முடிந்தபின் மாலையில் பூட்டிக் கிடக்கும் கூடம் எத்துணைப் பெரிய பணியைச் செய்ய வல்லது என்பது இதனால் விளங்கும்.

சிற்றரங்கு ஒன்றை நடத்துவோர் கடைப்பிடிக்கத் தக்க முறைகள் சில உள்ளன. நிகழ்ச்சி நாள் மாதந்தோறும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். இரண்டாம் சனிக்கிழமை என்றால் எப்பொழுதும் இரண்டாம் சனிக்கிழமையே. நாள் மாறாதிருந்தால் மக்களுக்கு வருவது வழக்கமாகிவிடும். குறித்த நேரத்தில் தொடங்குதல் வேண்டும். மேடையை மிக உயர்த்தாமல், காண்போரை மூன்று பக்கமும் அமர்த்தினால் அனைவரும் அணுக்கமாக இருப்பர். வெளியேறும் வழிகளைத் தடையின்றி வைத்து, இடத்துக்கு ஏற்ற அளவினரையே உள்ளே விடுதல் வேண்டும். கட்டணமோ காணிக்கையோ எதுவாயினும் கலைஞருக்கு உரிய ஊதியத்தை அன்றே தருதல் வேண்டும். பாராட்டு மட்டும் பசியைப் போக்காது. தேர்ந்த கலைஞர் ஒருவர் பாடும் நாளில், அவருக்கு முன் கால் மணி நேரம் ஊரின் இளங்கலைஞர் ஒருவருக்கு வாய்ப்பளித்தல் மிகவும் நன்று.

காண்போரின் கடமையும் சிறியதன்று. காலத்தில் வருதல், கைப்பேசியை அணைத்து வைத்தல், பாட்டின் நடுவே எழுந்து செல்லாதிருத்தல், நல்லதைக் கண்டபோது மனமாரப் பாராட்டல் ஆகியன அவையோர்க்குரிய பண்புகள். பேரரங்கில் ஒருவர் வாராவிட்டால் அது தெரிவதில்லை. நாற்பது பேர் அமரும் அறையில் பத்துப் பேர் வாராவிட்டால் கலைஞரின் உள்ளம் சோர்கிறது. அடுத்த மாதத்து நிகழ்ச்சியும் ஐயத்துக்கு உரியதாகிறது. சிற்றரங்கில் அமரும் ஒவ்வொருவரும் அதனைத் தாங்கும் தூண் போன்றவர்.

மாணவர் இதில் ஆற்றத்தக்க பணி உண்டு. தம் ஊரில் கூத்தோ, வில்லுப்பாட்டோ, இசையோ வல்லவர் எவர் என்று அவர்கள் உசாவி அறியலாம். ஆசிரியரின் துணையோடு அவர்களைப் பள்ளிக்கு அழைக்கலாம். அறிவிப்புத் தாள் எழுதலாம். பாய் விரித்து, விளக்கு ஏற்றி, வந்தோரை வரவேற்று அமர்த்தலாம். யாவற்றினும் மேலாக, வரிசையில் அமர்ந்து கருத்தூன்றிக் கேட்கலாம். நல்ல கலைஞர் தோன்றுவதற்கு நல்ல சுவைஞர் முன்னே தோன்றுதல் வேண்டும்.

பெரிய மண்டபத்தில் ஆயிரவர் நடுவே ஒரு கலைஞர் புகழோடு நிற்கும்போது, மக்கள் அவருடைய இன்றைய பொலிவையே காண்கின்றனர். அவர் முதன்முதலில் குரல் நடுங்கப் பாடிய சிறு கூடத்தையும், பிழையைப் பொறுத்துக் கேட்ட முப்பது நாற்பது பேரையும் எவரும் நினைப்பதில்லை. அக்கூடம் பூட்டப்பட்டிருந்தால் அக்குரல் எழுந்தே இருக்காது. கழனியின் விளைவை விரும்புவோர் நாற்றங்காலுக்கு நீர் பாய்ச்சுவர். கலையின் வளத்தை விரும்புவோர் தம் ஊர்ச் சிற்றரங்கின் கதவு மூடப்படாமல் காப்பாராக.